தொண்ணூற்றாறு என்றால் நல்லதுதானே?

8 ஜூலை, செவ்வாய்

விடாத மழை. யூனிஃபார்ம் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். முதுகில் மட்டும் நாள் முழுக்க ஈரம்.

அத்தானுக்கு நேற்று மதியம் தொண்டையில் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். நான் செம்பூரில், என் ஆஸ்பத்திரியில், வெண்டிலேட்டர் ட்யூட்டியில் இருந்தேன். அக்கா போன். "என்னமோ மெஷின்ல மாட்டணுங்காவ. கையெழுத்து கேக்காவ. போடவா ஜெயா?" போடு என்றேன். இதே கேள்வியை என் ஐ.சி.யூ. வாசலில் நின்று யாரிடமோ போனில் கேட்கிறவர்களை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. போனின் மறுமுனை இப்படித்தான் இருக்கும் என்று நேற்றுதான் தெரிந்தது.

மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரி. இனி இந்த நோட்டில் பெ.ஆ. சாயங்காலம் மட்டும் உள்ளே விடுகிறார்கள், ஒரு சமயம் ஒருவர். வாட்ச்மேன் அத்தான் பேரைச் சொல்லி, "சுடலைமுத்து கா கோன்?" என்று கத்தினான், அவருடைய ஆள் யார் என்று. அக்கா முதலில், பிறகு அவள் மகள் தர்ஷினி, கடைசியில் நான்.

அத்தானை இவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை. பெல்ட் பக்கிளுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல், மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வீட்டிலும் அதே குரல். "பாத்ரூம்ல தண்ணி வருதா" என்று கேட்டால் பக்கத்து மூன்று ரூமிலிருந்து பதில் வரும். இப்போது வாயோரம் பிளாஸ்திரி, குழாய், மெஷினின் மூச்சு.

வெளியே வந்ததும் அக்கா கேட்டது: "நீலத்துல இருக்க நம்பரு தொண்ணூத்தாறு காட்டுதே. அது நல்லதுதானே?"

ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவு அது. நல்லதுதான் என்றேன்.

அதற்குப் பக்கத்து மெஷினில் இன்னொரு நம்பர். எண்பது. நாமெல்லாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு. அவருக்கு ஐந்தில் நாலு பங்கு கொடுத்து அந்தத் தொண்ணூற்றாறு வருகிறது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது என்ன என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது.

கேஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டும். மறந்தே போயிற்று.


9 புதன்

செம்பூரில் இன்று ஒரு பாட்டிக்குக் குழாய் எடுத்தேன். காட்கோபர்க்காரர், ரிட்டயர்டு டீச்சர், நிமோனியா. காலையில் மெஷினின் உதவியைக் குறைத்துக் குறைத்து, தானாகவே மூச்சு விடுகிறாரா என்று அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். கழுத்துத் தசை இழுக்கவில்லை. வியர்க்கவில்லை. மூச்சு வேகமாகவில்லை. எடுத்தோம். இருமினார். முதல் வார்த்தையே "என் கண்ணாடி எங்கே?"

அவர் மகன் பேடா ஸ்வீட் டப்பா கொண்டுவந்து நீட்டினார். இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்று தர்ஷினிக்கு. பையிலேயே நசுங்கிப்போனது.

பெ.ஆ.வில் அத்தானுக்குப் போகும் குழாயின் மடிப்பில் தண்ணீர் தேங்கி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தையே நோயாளி இழுக்கும் மூச்சு என்று மெஷின் தப்பாக நினைத்துக்கொள்ளும், தேவையில்லாமல் காற்றை அடிக்கும். என் ஆஸ்பத்திரியில் என்றால் கை தானாகப் போய்விடும். இங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நான் இங்கே நோயாளியின் சொந்தக்காரி மட்டும்தான். நர்சிடம் சொன்னேன். மலையாளச் சேச்சி, ஐந்து பெட்டுக்கு ஒரே ஆள். "கண்டேன் மோளே, இதோ வந்நு" என்று வந்து வடித்துவிட்டுப் போனார். கோபமே படவில்லை. அதற்கே அழுகை வந்தது எனக்கு.

நம்பர்: 95. அக்கா: "ஒண்ணு கொறஞ்சிருக்கு, பரவால்லியா?"


10 வியாழன்

குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் நின்றது நின்றதுதான். பெட்டிக்குள் ஒருத்தி இன்னொருத்தியிடம், "இன்னிக்கு எவன் வீட்டுக்குப் போறான், இங்கியே சமைக்க வேண்டியதுதான்." எல்லோரும் சிரித்தார்கள். இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்தேன். பெ.ஆ. போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள்.

அக்கா படிக்கட்டில். முகமே வேறு மாதிரி இருந்தது.

"ஏட்டி, அவியள குப்புறப் போட்டிருக்காவ! மூஞ்சி வீங்கிக் கெடக்கு. மூச்சு முட்டாதா? நான் சத்தம் போட்டேன். அந்தச் சின்ன டாக்டரு என்னமோ இந்தியில சொன்னா. மெஷின்ல பாத்தா தொண்ணூத்தொம்பது! நூறுக்கு ஒண்ணுதான் கொறச்சல்!"

விளக்கினேன். மல்லாந்து படுத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கம் அமுங்கிக் கிடக்கும், கவிழ்த்தால் அது கொஞ்சம் விரியும், அதனால் நம்பர் ஏறும் என்று. அது வரைக்கும்தான் சொன்னேன். மறுபடி மல்லாத்தினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் போன். ஊரில் மச்சினனுக்கு, மாமியாருக்கு, பட்டறைக்காரருக்கு. "ஏறிட்டு. தொண்ணூத்தொம்பது. ஆமா, ஜெயாவே சொல்லிட்டா. அவளுக்கு இதானே வேல. அவ சொன்னா சரியா இருக்கும்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தேன். தொண்ணூறடி ரோடு முழுக்கக் குடை, சேறு, ஹார்ன். போனைப் பிடுங்கி இல்லை என்று சொல்ல வேண்டுமா? எப்படி?

ராத்திரி மீன் குழம்பு வைத்தாள். நான்கு நாளுக்கு அப்புறம் அடுப்புப் பற்றவைத்தாள். தர்ஷினி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.


11 வெள்ளி

சின்ன டாக்டரிடம் பேசினேன். மராத்திப் பெண், என்னைவிட வயது குறைவாக இருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பு. நான் வெண்டிலேட்டர் வேலை பார்ப்பவள் என்று சேச்சி சொல்லியிருக்கிறார். நேராக ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினாள். எதுவும் விளக்கவில்லை. விளக்கத் தேவையில்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

இரண்டு நுரையீரலிலும் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். வருஷக்கணக்கில் பாலிஷ் தூசி. நுரையீரல் தழும்பாகிக் காய்ந்துபோயிருக்கிறது. அதன் மேல் இந்த மழைக்காலச் சளி. சளியை மருந்தால் இறக்கலாம். தழும்பை?

மெஷினில் பார்த்தது:
கொடுக்கும் ஆக்சிஜன் 90.
ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் காற்று, நாளுக்கு நாள் குறைத்து வைத்திருக்கிறார்கள். சரிதான். கூட்டினால் கிழியும்.
அழுத்தம் அப்படியும் எல்லைக்கு மேலே.
ரத்தத்தில் கரியமிலவாயு ஏறுகிறது.

நான் அங்கே இருந்தாலும் இதைத்தான் வைத்திருப்பேன். ஒரு பொத்தான்கூட மாற்றியிருக்க மாட்டேன். யாராவது எதையாவது தப்பாகச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் போல் ஒரு நினைப்பு. அதைத் திருத்தியிருக்கலாமே.

அவள் கேட்டாள்: வீட்டில் யார் சொல்வது? நீங்களா, நானா?

நான் சொல்கிறேன் என்றேன். வெளியே வந்தேன். அக்கா கேட்டாள், "எவ்வளவு?" தொண்ணூற்றிரண்டு என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.


12 சனி

சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே டீக்கடை, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே. தர்ஷினியை மருந்து வாங்க அனுப்பிவிட்டு. டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். நீலத்தில் தெரியும் நம்பர் அத்தானுடையது இல்லை, மெஷின் கொடுப்பது என்று. ஒவ்வொரு நாளும் அதிகம் கொடுத்தும் குறைவாகத்தான் வருகிறது என்று. புது பலூன் ஊதும்போது கன்னம் வலிக்குமே, அந்த மாதிரி அவர் நுரையீரல் விரிய மறுக்கிறது என்று.

அக்கா டம்ளரில் ஆடை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"மொத நாளே கொஞ்சம். நேத்து முழுசா."

"ஊருக்கெல்லாம் சொல்லிகிட்டு வாரேன், நீ பக்கத்துலதான வந்த? வாயில என்ன வச்சிருந்த?"

என் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன்.

"அந்தக் கெழவிக்கு எடுத்துவிட்டேன்னு வந்து சொன்னியே. எவன் எவனுக்கோ எடுத்து விடுத. இவியளுக்கு மட்டும் என்னட்டி? ஒன்னய வளத்த மனுசன்."

அம்மா போன பிறகு ஒன்பதாவது படிக்கும்போது இவர்கள் ரூமுக்கு வந்தவள் நான். அதைச் சொல்கிறாள். அவள் அதை இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்று எனக்கு முறை கிடைக்கவில்லை. அவளும் தர்ஷினியுமே போய் வந்தார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

தர்ஷினி ரூமில் போனைப் பார்த்துக்கொண்டே, "சித்தி, இதுல லங்ஸ் மாத்தலாம்னு போட்டிருக்கே." அவரை இந்த நிலையில் ஆபரேஷன் மேஜை வரைக்கும்கூடக் கொண்டுபோக முடியாது என்றேன். "பக்கா?" பக்கா. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

குழாயடியில் தண்ணீர் பிடித்தேன். வேறு என்ன செய்ய.


13 ஞாயிறு

லீவு. மழை கொஞ்சம் வெறித்தது.

பெரிய டாக்டர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். சின்ன டாக்டர் எங்கள் மூவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னாள். இரண்டு வழி. கழுத்தில் துளை போட்டு மெஷினிலேயே வைத்திருப்பது. அதை அவர் உடம்பு தாங்குமா தெரியாது, தாங்கினாலும் மெஷினை விட்டு இறங்கப் போவதில்லை. இல்லையென்றால் குழாயை எடுத்துவிட்டு மாஸ்க். பேசலாம். சில மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு நாள். மூச்சுத் திணறாமல் இருக்க ஊசி உண்டு. ஆனால் எடுத்தபின் மறுபடி போட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அக்கா என்னைப் பார்த்தாள். நேற்றிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். "நீ சொல்லு."

என்னால் முடியவில்லை. மற்ற குடும்பங்களுக்கு எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர்தான் சொன்னாள், மயக்க மருந்தைக் குறைத்திருக்கிறோம், ஓரளவு விழித்திருக்கிறார், அவரையே கேட்கலாம் என்று.

மூன்று பேரையும் உள்ளே விட்டார்கள். வாட்ச்மேனே கதவைத் திறந்து பிடித்தான். அத்தான் கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்தது. கையைத் தூக்கிக் குழாயைக் காட்டினார், எடு என்று. எல்லா நோயாளியும் செய்வதுதான். அதனால் அதை மட்டும் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முழுதும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

காதருகே குனிந்தேன். "அத்தான், ஜெயா பேசுதேன். சரின்னா கைய ஒருக்க அமுக்குங்க. இல்லன்னா ரெண்டு தடவ." சொன்னேன். எல்லாவற்றையும். கழுத்துத் துளை, மெஷின், மாஸ்க், சில மணி நேரம். "செத்துப் போவீங்க" என்ற சொல்லையும் சொன்னேன். அதை விட்டுவிட்டுக் கேட்டால் அது கேள்வியே இல்லை.

கேட்டேன்: மெஷினிலேயே இருக்கீங்களா?

இரண்டு தடவை.

எடுத்துருவமா?

ஒரு தடவை. விடவில்லை. அமுக்கியபடியே அக்காவைப் பார்த்தார்.

மாற்றி, வேறு விதமாக இன்னொரு தடவை கேட்டேன். அதே பதில். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தலைமாட்டுக் கம்பியைப் பிடித்தபடி, "சரி, அவிய சொல்லிட்டாவ" என்றாள். அந்தக் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

தர்ஷினி வராந்தாவில் சுவரோடு உட்கார்ந்து, "சித்தி, நாளைக்கு எனக்கு இன்டர்னல் எக்ஸாம். போகணுமா?" வேண்டாம் என்றேன். "நான் எதுக்கு இதைக் கேக்குறேன்" என்று அழுதாள்.


14 திங்கள்

பதினோரு மணி வாக்கில் எடுத்தார்கள்.

நான் கால்மாட்டில். இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு. ஜில்லென்று இருந்தன. சேச்சி சளியை உறிஞ்சினார், டாக்டர் பிளாஸ்திரியை உரித்தாள், தொண்டைக்குள் குழாயைப் பிடித்திருக்கும் காற்றுப் பையை இறக்கினாள், எனக்குத் தலையசைத்தாள். என் வேலை ஒன்றே ஒன்று. "அத்தான், நல்லா இருமுங்க." இருமினார். குழாய் வந்துவிட்டது. மாஸ்க்.

குரல் இல்லை. காற்று மட்டும். முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்: "டீ."

சேச்சி டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "தீஜியே, சம்மச் ஸே" என்றாள். ஸ்பூனால் கொடுக்கலாம். நான் ஓடினேன். தார்ப்பாய்க் கடையில் ஒரு கட்டிங் டீ, அரை டம்ளர். அக்கா மாஸ்க்கைத் தூக்கித் தூக்கி, நாலைந்து ஸ்பூன். பாதி தாடையில் வழிந்தது.

"சீனி இல்ல" என்றார். அக்கா சிரித்துவிட்டாள்.

என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு. "இந்த மெஷின்... சத்தத்துல... எப்படிட்டி... நாளெல்லாம் நிக்க? பட்டறய விட... மோசம்லா."

"பழகிட்டு அத்தான்."

"காதுல... பஞ்சு வச்சுக்க."

தர்ஷினியிடம் எக்ஸாம் எப்போது என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த வாரம் பப்பா என்றாள். "படி."

அப்புறம் அக்கா மட்டும். நாங்கள் வெளியே வந்தோம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து மாஸ்க்கோடு காதை ஒட்டி வைத்திருந்தாள். ரொம்ப நேரம். அவர் என்னவோ சொல்கிறார், அவள் ஏதோ கோபமாகப் பதில் சொல்கிறாள், பிறகு தலையாட்டுகிறாள். வீட்டில் சண்டை போடுகிற மாதிரியே.

மதியத்துக்கு மேல் கழுத்துத் தசை இழுக்க ஆரம்பித்தது. வயிறு உள்ளே போக நெஞ்சு வெளியே வந்தது. இதெல்லாம் வரிசையாக எனக்குத் தெரியும், அடுத்து என்ன என்று தெரியும். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சேச்சியைக் கூப்பிட்டேன். ஊசி. கண் மூடினார். மூச்சு நிதானமானது. கஷ்டப்படவில்லை. அதை மட்டும் அக்காவிடம் உறுதியாகச் சொன்னேன், சொன்னது நிஜம்.


15 செவ்வாய்

விடிந்ததும் போய்விட்டார். அக்கா பக்கத்தில். நான் வராந்தாவில், தர்ஷினியின் தலை என் மடியில். சேச்சி வந்து தோளைத் தொட்டார்.

ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழையவில்லை. பட்டறைப் பையன்கள் ரோட்டிலிருந்து தூக்கி வந்தார்கள்.

மழை இல்லை.


17 வியாழன்

வீடு நிறைய ஆட்கள். காட்கோபரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "நீ இந்த வேலதான பாக்க, ஒன்னால ஒண்ணும் செய்ய முடியலியா?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. முடியலை பெரியம்மா என்றேன். டம்ளர் கழுவப் போனேன்.

பட்டறைக்காரர் வந்தார். கூட வேலை பார்த்த இரண்டு பேரும். அவர்களில் ஒருவர் வாசலிலேயே நின்று இருமிக்கொண்டிருந்தார். வறட்டு இருமல், நிற்காமல். கேட்கவே முடியவில்லை. செம்பூருக்கு வாங்க, ஊதிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது, எடுத்துப் பார்ப்போம் என்றேன். "பண்டிகை ஆர்டர் முடியட்டும் தங்கச்சி" என்றார்.

தர்ஷினி கேட்டாள், அப்பா அம்மாவிடம் என்ன சொன்னார் என்று. எனக்குத் தெரியாது. அக்காவிடமே கேட்டாள். "ஒனக்கெதுக்கு அது" என்று மட்டும் பதில்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளை வர முடியுமா, இரண்டு வெண்டிலேட்டர் பேஷண்ட், ஆள் இல்லை. வருகிறேன் என்றேன்.

ஆட்கள் போன பிறகு அக்கா பக்கத்தில் வந்து படுத்தாள். அந்த டீக்கடைக்கு அப்புறம் எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"நாளைக்கி வேலைக்கா?"

"ம்."

"அங்க எவளாவது என்னய மாதிரி நம்பரப் பாத்துகிட்டு நிப்பா."

"ஆமா."

"வந்த அன்னிக்கே சொல்லிராத. ரெண்டு நாளு விடு." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னிக்கு மீன் கொழம்பு வச்சேன்லா. நல்லா இருந்துச்சுட்டி அந்த ராத்திரி."

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்றுதானே டீக்கடையில் கேட்டாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.